ஏரி குளிரும் காலம்

அக்டோபர் கடைசி வாரம், மாலை ஐந்து மணி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மில் லாக்ஸ் ஏரியின் வடகரை. கோடை முழுக்க மோட்டார் படகுகள் முண்டியடித்த இறங்குதுறையில் இப்போது ஒரே ஒரு கார் நிற்கிறது. அதன் கூரையிலிருந்து பன்னிரண்டு அடி நீளக் கயாக் ஒன்றை ஒருவர் இறக்குகிறார். உடம்பில் தண்ணீர் புகாத முழு உடை, அதன்மேல் லைஃப் ஜாக்கெட், நெற்றியில் விளக்கு. இரண்டு தூண்டில் கோல்களைப் படகின் பின்புறக் குழல்களில் செருகிவிட்டு, முழங்கால் ஆழத்தில் படகைத் தள்ளி ஏறி உட்கார்கிறார். கரையிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டர் தூரத்தில் நீருக்கடியில் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. துடுப்பு அந்தத் திசையில் விழுகிறது. சூரியன் மறைய இன்னும் ஒரு மணி நேரம். அவர் காத்திருப்பது அதற்கடுத்த ஒரு மணி நேரத்துக்காக.

அவர் தேடி வந்த மீனின் பெயர் வால்ஐ. வட அமெரிக்காவின் நன்னீர் மீன்களில் சுவைக்குப் பேர்போனது. மினசோட்டா இதை 1965-ல் தன் மாநில மீனாக அறிவித்தது. கனடாவின் மனிட்டோபாவுக்கும் சாஸ்கட்சுவானுக்கும் இதுவே மாகாண மீன். கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர்கள் அதன் பொன்னிறத்தைப் பார்த்து டோரே என்கிறார்கள். கனடாவின் மற்றப் பகுதிகளில் பிக்கரல் என்ற பெயரும் உண்டு. டொரண்டோ பக்கம் வாழும் தமிழர்கள் மீன்கடையில் பிக்கரல் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருந்தால், அது பெரும்பாலும் இந்த மீன்தான். இவர்கள் எல்லோருக்கும் முன்பே இந்த ஏரிக்கரையில் வாழ்ந்த ஓஜிப்வே மக்கள் இதை ஒகா என்கிறார்கள்.

மில் லாக்ஸ் சின்ன ஏரி அல்ல. சுமார் 536 சதுர கிலோமீட்டர் பரப்பு, அதாவது சென்னை மாநகராட்சியின் எல்லையைவிடப் பெரியது. ஆனால் ஆழம் குறைவு, மிஞ்சிப்போனால் 13 மீட்டர். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில், இன்ஜின் இல்லாமல், கைபலத்தை மட்டும் நம்பிப் போகும் ஒருவர் கரையோரத்திலேயே வால்ஐயைச் சந்திக்கலாம் என்று எதை வைத்து நம்புகிறார்? விடை இரண்டு சொற்களில் அடங்கும்: வெப்பம், வெளிச்சம். ஓர் ஏரியில் எந்த உயிர் எங்கே இருக்கும் என்பதை இந்த இரண்டும்தான் பெருமளவு முடிவு செய்கின்றன. இலையுதிர்காலத்தில் இரண்டும் சேர்ந்து மாறுகின்றன.

நான்கு டிகிரியின் விதி

வெயில் காலத்தில் கிணற்றில் குதித்தவர்களுக்கு ஒன்று தெரியும். மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர், காலடியில் சில்லென்று இருக்கும். சூடான நீர் இலேசானது, மேலே மிதக்கும். குளிர்ந்த நீர் கனமானது, கீழே தங்கும். இதே கதை ஆழமான ஏரிகளில் பெரிய அளவில் நடக்கிறது. கோடையில் மேலே வெதுவெதுப்பான அடுக்கு, அடியில் குளிர்ந்த அடுக்கு, நடுவில் சில மீட்டருக்குள் வெப்பம் சடாரென்று இறங்கும் மெல்லிய எல்லை. அந்த எல்லைக்குத் தெர்மோகிளைன் என்று 1897-ல் பெயர் வைத்தவர் எட்வர்ட் பர்ஜ். மினசோட்டாவுக்குப் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில், மெண்டோட்டா ஏரிக் கரையிலிருந்த பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். அவரும் சான்சி ஜூடேயும் அங்கே செய்த ஆய்வுகள்தான் அமெரிக்க ஏரியியலுக்கு அடித்தளம்.

குளிர்ந்த நீர் கனமானது என்ற விதிக்கு ஓர் எல்லை உண்டு. நீரின் அடர்த்தி கூடிக்கொண்டே வந்து, ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் உச்சத்தைத் தொடுகிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் மறுபடி இலேசாகிறது. பனிக்கட்டி ஆகும்போது இன்னும் இலேசாகி மிதக்கிறது. இந்த ஒரு பண்பு இல்லாவிட்டால் வடநாட்டு ஏரிகள் அடியிலிருந்து உறையத் தொடங்கியிருக்கும், மீன்களுக்குக் குளிர்காலத்தில் போக்கிடம் இருந்திருக்காது.

இலையுதிர்காலத்தில் நடப்பது இதுதான். இரவுகள் நீள்கின்றன. மேற்பரப்பு நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்குகிறது. அதன் இடத்துக்குச் சற்றுச் சூடான நீர் ஏறி வந்து, அதுவும் குளிர்கிறது. அடுக்குகளுக்கு இடையிலான வேறுபாடு நாளுக்கு நாள் மங்குகிறது. ஒரு கட்டத்தில் மேலும் கீழும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட, பலமான ஒரு காற்று முழு ஏரியையும் அடிவரை கலக்கிவிடுகிறது. அடியில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த நீருக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. அடியில் சேர்ந்திருந்த சத்துகள் மேலே வருகின்றன. ஏரி புரள்கிறது என்று மீனவர்கள் சொல்வது இதைத்தான்.

மில் லாக்ஸ் இந்தப் பாடத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது. அகலம் அதிகம், ஆழம் குறைவு. கோடையிலேயே காற்று அதை அடிக்கடி அடிவரை கலக்கிவிடுவதால் அங்கே உறுதியான அடுக்குகள் நிலைப்பதில்லை. ஆகவே இங்கே இலையுதிர்காலம் என்பது ஒரே நாளில் நடக்கும் புரட்டல் அல்ல. அகன்ற ஒரு பாத்திரத்து நீர் ஆறுவதுபோல ஏரி முழுவதும் சேர்ந்து நிதானமாகக் குளிர்கிறது. ஆகஸ்டில் 20 டிகிரிக்கு மேல் இருந்த நீர், அக்டோபர் பிற்பகுதியில் 10 டிகிரியை ஒட்டி வந்துவிடும். கோடை வெப்பத்தில் மீனுக்கு ஒவ்வாமல் போன ஆழமில்லாத கரையோரங்களும் பாறைத்திட்டுகளும் மறுபடி வசதியான இடங்கள் ஆகின்றன. வெப்பம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வரலாமா என்பதை வெளிச்சம் முடிவு செய்யும்.

கண்ணாடிக் கண்

வால்ஐ என்ற பெயரில் உள்ள வால், சுவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அல்ல, நம் வாலும் அல்ல. வெண்படலம் படர்ந்த கண்ணைக் குறித்த பழைய நார்ஸ் மொழிச் சொல் ஒன்று ஆங்கிலத்துக்கு வந்து உருமாறியது அது. 1818-ல் இந்த மீனுக்கு அறிவியல் பெயர் சூட்டிய சாமுவேல் மிட்சிலின் கவனமும் கண்ணிலேயே விழுந்திருக்கிறது. சாண்டர் விட்ரியஸ் என்ற இன்றைய பெயரில் விட்ரியஸ் என்றால் கண்ணாடி போன்றது என்று பொருள்.

இரவில் தோட்டத்தில் கட்டியிருக்கும் மாட்டின் முகத்தில் டார்ச் அடித்தால் இரண்டு கண்களும் பளிச்சென்று மின்னும். பூனைக்கும் அப்படியே. காரணம், விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒளி திருப்பும் படலம். உயிரியலில் இதன் பெயர் டபீட்டம் லூசிடம். நம் கண்ணில் அது இல்லை. நம் விழித்திரையில் விழும் ஒளியில் ஒளியுணர் செல்கள் பிடித்தது போக மிச்சம் வீணாகப் போகிறது. டபீட்டம் உள்ள கண்ணில் அந்த மிச்சம் பின்னால் பட்டுத் திரும்பி, அதே செல்கள் வழியாக இன்னொரு முறை கடக்கிறது. குறைந்த வெளிச்சத்தை இருமுறை பயன்படுத்தும் சிக்கனம் இது. வால்ஐயின் விழித்திரையைத் தாங்கி நிற்பது இப்படிப்பட்ட படலம்தான்.

பொரிந்து வரும் குஞ்சுக்கு இந்தக் கண் இருப்பதில்லை. குஞ்சுகள் வெளிச்சத்தை நாடி மேலே வந்து, நுண்ணிய மிதவை உயிரிகளைத் தின்கின்றன. வளர வளரப் படலம் உருவாகிறது, மீன் வெளிச்சத்தைவிட்டு விலகுகிறது. அதன் பிறகு பட்டப்பகல் வெயில் அதற்குக் கண்கூச்சம். ஆழத்திலோ, பாசிக் கூட்டத்தின் நிழலிலோ, கலங்கிய நீரிலோ ஒதுங்கிக் கிடக்கும்.

வால்ஐயின் முக்கிய இரை மஞ்சள் பெர்ச். அதே குடும்பத்துச் சிறிய மீன். பெர்ச்சுக்கு இந்தப் படலம் இல்லை. பகலில் பார்வை கூர்மை, இரவில் அடியில் ஒதுங்கிச் சும்மா கிடக்கும். சூரியன் மறைந்து இருள் கவிவதற்குள் இருக்கும் இடைவேளையில் பெர்ச்சின் பார்வை மங்குகிறது, வால்ஐயின் பார்வை மங்குவதில்லை. இரை குருடாகத் தொடங்கி வேட்டைக்காரனுக்குக் கண் தெரியும் அந்தக் கொஞ்ச நேரம்தான் வால்ஐயின் சாப்பாட்டு நேரம். மினசோட்டாவின் மீனவர்கள் அந்தியையும் விடியலையும் விட்டுக்கொடுக்காமல் காப்பதற்குக் காரணம் இந்த ஏற்றத்தாழ்வு.

இலையுதிர்காலம் மங்கலான வெளிச்சம் நிலவும் நேரத்தை நீட்டுகிறது. மில் லாக்ஸ் வட அட்சரேகை 46 டிகிரியில் இருக்கிறது. ஜூன் கடைசியில் அங்கே பகல் 15 மணி நேரத்துக்கு மேல். அக்டோபர் கடைசியில் சுமார் 10 மணி நேரம். ஜூன் நண்பகலில் 67 டிகிரி உயரத்தில் நின்ற சூரியன், அக்டோபர் கடைசியில் 32 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. தாழ்ந்த கோணத்தில் வரும் ஒளியில் ஒரு பங்கு நீர்ப்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். உள்ளே நுழைவதும் சாய்வாக நீண்ட தூரம் கடந்தால்தான் அடியைத் தொடும். அந்தியும் நம் ஊரைவிட அங்கே நீளம். நம் ஊரில் சூரியன் விழுந்து இருபது நிமிடத்தில் முகம் தெரியாமல் போகும். அங்கே அந்த மங்கல் அரைமணி நேரம் நிற்கும்.

காற்றும் இதில் ஒரு கை கொடுக்கிறது. நீர்ப்பரப்பு கண்ணாடிபோல இருந்தால் வெயில் நேராக உள்ளே இறங்கும். சிற்றலை எழும்பினால் ஒளி சிதறும், கரையோர வண்டல் கலங்கும். இப்படிக் காற்று அளைந்த நீருக்கு வால்ஐ சாப் என்று அங்கே தனிப் பெயரே இருக்கிறது. மீனின் பெயரைத் தாங்கிய அலை!

வயிற்றில் வளரும் ஏப்ரல்

மீன் குளிர்க்குருதி உயிரி. நீர் குளிர்ந்தால் அதன் உடலும் குளிரும், செரிமானம் மெதுவாகும், தேவையும் குறையும். அப்படியானால் குளிரும் ஏரியில் வால்ஐ ஏன் தீவிரமாக இரை தேடுகிறது?

விடை பெண் மீனின் வயிற்றில் இருக்கிறது. வால்ஐ முட்டையிடுவது வசந்தத்தில், பனி உருகிய சில நாட்களில், நீர் 5 முதல் 10 டிகிரி இருக்கும்போது. மில் லாக்ஸில் பனி விலகுவது வழக்கமாக ஏப்ரல் கடைசியில். அதற்குப் பிறகு தின்று முட்டை வளர்க்க நேரம் இல்லை. ஆகவே முட்டைப்பைகள் முந்தைய இலையுதிர்காலத்திலேயே வளரத் தொடங்குகின்றன. நல்ல வளர்ச்சியுள்ள ஒரு பெண் மீன் ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். அத்தனை முட்டைக்கும் தேவையான கொழுப்பும் புரதமும் அக்டோபர், நவம்பர் இரையிலிருந்து கணிசமாகச் சேர்கின்றன. இந்தப் பருவத்தில் பிடிபடும் பெண் மீன்கள் கனத்து, பருத்து இருப்பது இதனால்தான்.

இரையும் அவற்றைத் தேடிக் கரைக்கு வருகிறது. கோடையில் மீன் குஞ்சுகளுக்கு மறைவிடமாக இருந்த நீர்த்தாவரங்கள் இப்போது அழுகிச் சாய்ந்துவிட்டன. ஒளிந்திருந்த பெர்ச் குஞ்சுகள் வெளியில் வந்தாக வேண்டும். இன்னொரு பக்கம் டல்லிபீ என்ற கொழுத்த வெள்ளி மீன், குளிர்நீரை விரும்பும் இனம், கோடை முழுக்க ஆழத்தில் தங்கிவிட்டு, இலையுதிர்காலத்தின் இறுதியில் முட்டையிடக் கற்படுகைகளுக்கு ஏறி வருகிறது. கொழுத்த இரை, ஆழமில்லாத இடம், நீண்ட அந்தி. மூன்றும் ஒரே பாறைத்திட்டில் கூடுகின்றன. அந்தத் திட்டு துடுப்புக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

கை வேகமே போதும்

கயாக், வடதுருவ வட்டாரத்தின் இனுயிட் மக்கள் உலகுக்குக் கொடுத்த படகு. மரச் சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி, வேட்டைக்காக, ஓசையில்லாமல் நெருங்குவதற்காகச் செய்தது. இன்றைய மீன்பிடிக் கயாக்குகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன் ஓடுகள். மேலே உட்காரும் வகையில், தளத்திலிருந்து அடிவரை சில துளைகள் விட்டிருப்பார்கள். ஏறி வரும் அலை அந்தத் துளைகள் வழியாகவே இறங்கிவிடும். நம் கட்டுமரத்தில் மரங்களுக்கு இடையே நீர் ஏறி இறங்குவதை நினைத்துக்கொண்டால் விளங்கும். தண்ணீரைத் தடுத்து மிதப்பது ஒரு வழி. வந்த தண்ணீரை வழியவிட்டு மிதப்பது இன்னொரு வழி. இது இரண்டாவது. கையைத் தூண்டிலுக்கு விட்டுவிட்டுக் காலால் மிதித்து ஓட்டும் கயாக்குகளும் உண்டு. நீருக்கடியில் துடுப்புகளை இறக்கைபோல அசைக்கும் மிராஜ் டிரைவ் என்ற மிதி அமைப்பை ஹோபி நிறுவனம் 1997-ல் கொண்டுவந்தது.

ஆழமில்லாத பாறைத்திட்டில் இந்தச் சின்னப் படகுக்குக் கிடைக்கும் முதல் வசதி அமைதி. நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் பாய்கிறது, காற்றில் பாய்வதைப்போல நான்கு மடங்குக்கும் அதிகம். மீனுக்கு உள்காதும் உண்டு, உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பில் அதிர்வை உணரும் திறனும் உண்டு. இரண்டு மீட்டர் ஆழத்தில் இன்ஜின் உறுமினால் அது மீனின் தலைக்கு மேலேயே நடக்கும் சங்கதி. கயாக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் துடுப்புக் கட்டை ஓட்டில் ஒருமுறை மோதினால் முழுப் படகும் மேளம்போல அதிரும். தேர்ந்தவர்கள் துடுப்பு படும் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டிவைப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது வசதி வேகம், அதாவது வேகக்குறைவு. அந்தியில் வால்ஐயைப் பிடிக்கப் பலரும் நம்புவது நீண்டு மெலிந்த போலி மீனை. பின்லாந்தின் லௌரி ரபாலா 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, அடிபட்ட சிறுமீன்போலத் தள்ளாடி நீந்தும் ஒரு போலியைச் செய்தார். அந்தக் குடும்பத்து வாரிசுகள் இன்றும் வால்ஐ மீனவர்களின் பெட்டியில் இருக்கின்றன. இவற்றைப் படகுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வேகம் பொதுவாக மணிக்கு இரண்டரை முதல் நான்கு கிலோமீட்டர். குளிர் கூடினால் இன்னும் மெதுவாக. ஒருவர் மூச்சிரைக்காமல் துடுப்புப் போட்டால் கயாக் போகும் வேகமும் கிட்டத்தட்ட அதேதான். பெரிய இன்ஜின்காரர்கள் வேகத்தை அடக்கப் படாத பாடு படுவார்கள். கையால் ஓட்டுபவருக்கு அந்த வேகம் இயல்பாகவே வந்துவிடுகிறது. ஒவ்வொரு துடுப்பு வீச்சிலும் போலி மீன் ஒரு துள்ளு முன்னேறி, அடுத்த வீச்சுவரை தயங்குகிறது. களைத்த இரையின் நடையும் அப்படித்தான் இருக்கும்.

கயாக்கின் பலவீனம் காற்று. காற்று தரும் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று 20 ஆனால் தள்ளும் விசை நான்கு மடங்கு. மில் லாக்ஸ்போலத் தீவுகள் குறைந்த, அகன்ற, ஆழமற்ற ஏரியில் காற்று தடையின்றி ஓடி, குட்டையான செங்குத்து அலைகளை எழுப்பும். படகைப் பக்கவாட்டில் பிடித்தால் கவிழ்த்துவிடும் அலைகள் அவை. நங்கூரத்தை விலாப்புறத்தில் கட்டாமல் முனையில்தான் கட்ட வேண்டும் என்பதும் இதனால்தான். நாம் பார்த்த மீனவர் வடகரையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அன்றைக்குத் தென்மேற்குக் காற்று, ஏரியிலிருந்து கரையை நோக்கி வீசியது. பாறைத்திட்டில் சிற்றலையும் கிடைக்கும், ஏதாவது ஆனால் காற்று அவரைக் கரைக்கே தள்ளிக்கொண்டு வரும். கரையிலிருந்து ஏரிக்குள் வீசும் காற்று கரையோரத்தில் சாதுவாகத் தெரியும். ஆபத்து அதில்தான் அதிகம்.

ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம்

மீனைக் கரைக்குக் கொண்டுவரும் அதே குளிர், மனிதனைக் கொல்லவும் செய்யும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்துகிறது. மனிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் மனித உடலுக்கு என்ன நடக்கிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அதற்காகத் தானே பலமுறை பனிநீரில் இறங்கியவர். அவர் சொல்லித்தரும் கணக்கு எளியது: ஒன்று, பத்து, ஒன்று.

உறைகுளிர் நீரில் விழுந்தவுடன் உடல் தன்னையறியாமல் மூச்சை இழுக்கும், பிறகு மூச்சு இரைக்கும். அந்த முதல் இழுப்பு நீருக்கடியில் நடந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர் போகும். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவரக் கிடைப்பது சுமார் 1 நிமிடம். அதன்பின் கையும் காலும் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். கவிழ்ந்த படகில் திரும்ப ஏற வேண்டுமென்றால் அதற்குள் ஏற வேண்டும். உடலின் உள்வெப்பம் இறங்கி நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். குளிர்நீரில் சாகிறவர்களில் பலர் உடல் குளிர்ந்து சாவதில்லை. முதல் சில நிமிடங்களிலேயே மூச்சு தடுமாறியோ, நீந்த முடியாமல் போயோ மூழ்குகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை.

மினசோட்டா சட்டப்படி கயாக்கில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருந்தாக வேண்டும். இலையுதிர்காலத்தில் அது படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். காற்றின் வெப்பத்தைப் பார்த்து உடுக்காமல் நீரின் வெப்பத்தைப் பார்த்து உடுக்க வேண்டும். வெயில் இதமாக அடிக்கும் அக்டோபர் மதியம்தான் மிகவும் ஏமாற்றும். இருட்டில் மற்றப் படகுகளுக்குக் காட்ட வெள்ளை விளக்கு, நீர் புகாத உறையில் போன், எங்கே போகிறோம் எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொன்ன ஒரு வார்த்தை. கவிழ்ந்த படகில் ஏறும் பயிற்சியைக் கோடையிலேயே, சூடான நீரில், பத்துத் தடவையாவது செய்து பார்த்திருக்க வேண்டும்.

தெளிவு கெடுத்த ஏரி

மில் லாக்ஸில் வால்ஐ இன்று முன்புபோல இல்லை. காரணத்தைத் தேடிப் போனால் மறுபடி வெளிச்சத்திலேயே வந்து நிற்கிறோம்.

1865-ல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஏஞ்சலோ செக்கி, போப்பின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுவே நீரின் தெளிவு. இன்றும் ஏரி ஆய்வாளர்கள் அதே தட்டைத்தான் இறக்குகிறார்கள். மில் லாக்ஸில் அந்தத் தட்டு கடந்த சில பத்தாண்டுகளாக மேலும் மேலும் ஆழத்தில்தான் மறைகிறது. கழிவுநீர் கலப்பது குறைந்ததும் ஏரி தெளியத் தொடங்கியது. பிறகு 2005-ல் ஜீப்ரா சிப்பி அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. கருங்கடல், காஸ்பியன் பகுதியிலிருந்து கப்பல்களின் அடிநீரில் வந்து, 1980-களின் இறுதியில் வட அமெரிக்கப் பேரேரிகளில் பரவிய விரல்நகச் சிப்பி. ஒரு சிப்பி நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீர்வரை வடிகட்டும். வடிகட்டப்படுவது மிதவைப் பாசி, அதாவது உணவுச் சங்கிலியின் முதல் கண்ணி. கூடவே நீரும் கண்ணாடியாகிறது.

சுத்தமான நீர் நல்லதுதானே என்று தோன்றும். வால்ஐயின் கண்ணை நினைத்துக்கொண்டு பார்த்தால் கணக்கு மாறுகிறது. 2004-ல் நைஜல் லெஸ்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும், ஓர் ஏரியில் வால்ஐக்கு ஏற்ற வெப்பமும் ஏற்ற மங்கலும் சேர்ந்து அமையும் பரப்பு எவ்வளவோ, அதைப் பொறுத்தே வால்ஐ பெருகும் என்று காட்டினார்கள். 2019-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கிரெச்சன் ஹேன்சனும் சகாக்களும் அந்த அளவுகோலை மில் லாக்ஸுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். தெளிவு கூடக்கூட அந்தப் பரப்பு சுருங்கியிருந்தது. ஏரிக்குப் பங்கமில்லாமல் பிடிக்கக்கூடிய மீனின் அளவும் அதோடு சுருங்கியிருந்தது.

சுருங்கிய மீனைப் பங்கிடுவது எளிதல்ல. 1837 ஒப்பந்தத்தில் ஓஜிப்வே மக்கள் நிலத்தைக் கொடுத்தபோது, அதில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உள்ள உரிமையைக் கொடுக்கவில்லை. 1999-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் அந்த உரிமை இன்றும் உயிரோடு இருக்கிறது என்று உறுதி செய்தது. ஓஜிப்வே முறையில், வசந்த இரவில் விளக்கொளியில் மின்னும் கண்களைக் கண்டு ஈட்டி எறிவது பழைய வழக்கம். விஸ்கான்சினில் ஓர் ஊரின் பெயரே லாக் டு ஃபிளாம்போ. தீப்பந்தங்களின் ஏரி என்று பொருள். தீப்பந்தம் ஏந்தி மீன் பிடித்தவர்களைப் பார்த்து பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. மில் லாக்ஸில் பிடிப்பின் வரம்பை மாநிலமும் ஓஜிப்வே குழுக்களும் இன்று பகிர்ந்துகொள்கின்றன. 2015-ல் மாநிலத்தின் பங்கு தீர்ந்து, ஆகஸ்டு தொடக்கத்திலேயே வால்ஐ பருவம் மூடப்பட்டது. 2016-ல் தூண்டில்காரர்கள் பிடித்த ஒவ்வொரு வால்ஐயையும் திரும்ப விட வேண்டும் என்று விதி வந்தது. இந்த விதிகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. படகை இறக்குமுன் அந்த ஆண்டின் விதியைப் படித்தாக வேண்டும்.

கயாக்காரருக்கும் இதில் கடமை உண்டு. ஏரி மாற்றி ஏரி போகும் படகில் ஒட்டிய பாசியிலும் துளைகளில் தேங்கிய நீரிலும் சிப்பிக் குஞ்சுகள் பயணம் செய்யும். படகைத் துடைத்து, நீரை வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஏரியில் இறக்க வேண்டும்.

அந்திக்குப் பிறகு

பாறைத்திட்டுக்குத் திரும்புவோம். சூரியன் மறைந்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. மேற்கே ஆரஞ்சுக் கோடு ஒன்று மிச்சமிருக்கிறது. துடுப்பிலிருந்து சொட்டும் நீர், கையுறையின் நுனியில் விறைக்கிறது. கோல் ஒருமுறை வளைகிறது. நின்று, மறுபடி வளைந்து, வளைந்தபடியே கனக்கிறது. கயாக்கின் மூக்கு மீன் இழுக்கும் பக்கம் மெல்லத் திரும்புகிறது.

வலையில் ஏறும் மீனின்மேல் நெற்றி விளக்கு விழுகிறது. முதலில் தெரிவது கண். தேய்த்து வைத்த வெள்ளி நாணயம்போல ஒளியைத் திருப்பி அடிக்கிறது. பிறகு உடல் தெரிகிறது: கரும்பச்சை முதுகு, பித்தளை நிற விலா, முதல் முதுகுத்துடுப்பின் கடைசியில் மை தொட்டதுபோல ஒரு கறுப்புப் பொட்டு, வாலின் கீழ்முனையில் வெள்ளைத் திட்டு. துடுப்பில் முள் நிற்கிறது. செவுள் மூடியின் விளிம்பு கத்தி, விரலை உள்ளே விட்டால் கிழித்துவிடும். வயிறு பருத்திருக்கிறது. இரண்டடிக்கு மேல் நீளம். இந்த அளவில் அது அநேகமாகப் பெண்.

பிடித்த மீனை விடும்போது அது பிழைக்குமா என்பதை முக்கியமாக இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: எந்த ஆழத்திலிருந்து வந்தது, நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது. வால்ஐயின் காற்றுப்பை மூடிய பை. பத்து மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுத்தால் அதனுள் உள்ள காற்று இருமடங்காக விரிந்து உள்ளுறுப்புகளை நசுக்கும். சூடான நீரில் போராடிக் களைத்த மீனும், தூண்டில் முள்ளை ஆழமாக விழுங்கிய மீனும் விட்ட பிறகும் சாகக்கூடும். இன்றைக்கு அந்த ஆபத்துகள் குறைவு. மீன் வந்தது மூன்று மீட்டர் ஆழத்திலிருந்து, நீர் குளிர்ந்தது, முள் உதட்டோரத்தில்தான் இருக்கிறது. குறடால் ஒரு திருகில் கழன்றுவிடுகிறது. கயாக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு நீர்ப்பரப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், மீனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வயிற்றைத் தாங்கி நீருக்குள்ளேயே பிடித்திருக்கிறார். செவுள்கள் நான்கைந்து முறை திறந்து மூடுகின்றன. வால் ஒருமுறை அடிக்கிறது.

விதி அனுமதிக்கும் இடத்தில், சாப்பாட்டுக்கு நடுத்தர மீன் ஒன்றை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. பெரிய பெண் மீனை மட்டும் விட்டுவிடுங்கள். அக்டோபரில் நீங்கள் நீருக்குள் விடும் அந்த மீனின் வயிற்றில், ஏப்ரலில் பனி விலகியதும் இடப்போகும் முட்டைகள் இப்போதே வளர்ந்துகொண்டிருக்கின்றன.